பாடியவர்: நோரா மே

ரிப்பன் ஸ்ட்ரீட், கல்கத்தா
4 நவம்பர் 1963

அன்புள்ள ராபி,

அப்பாவுக்கு எழுதத்தான் காகிதத்தை எடுத்தேன். ‘அன்புள்ள அப்பா’ என்பதற்கு அப்புறம் பேனா நகரவில்லை. கடை நிறைய ஆள் நிற்கும்போது, பருப்பு அளந்துகொண்டே, “ஓட்டல்ல பாடுதவளுக்குத் தாராவியில என்னட்டி சோலி?” என்று கேட்ட மனுஷனுக்கு, சுகமாக வந்து சேர்ந்தேன் என்று எழுதுவதா? அதனால் அதே காகிதத்தின் மறுபக்கத்தில் உனக்கு எழுதுகிறேன். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய்.

பார்க் ஸ்ட்ரீட்டில் ஒரு ரெஸ்டாரண்ட். பம்பாய் மாதிரி இல்லை, இங்கே மதுவிலக்கு கிடையாது. குடித்தவன் குடிக்காதவன் எல்லோரும் கேட்கிறார்கள். பாண்டு நடத்துகிறவர் ராய்ஸ்டன் என்கிற ஆங்கிலோ-இந்தியர், பியானோ வாசிப்பார். வாசலில் என் பெயரைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள்: நோரா மே. மயில் என்பதை மே ஆக்கியது நம் ட்ரம்பெட் மாஸ்டர் மெனேசஸ் என்று உனக்குத் தெரியும். அந்த நோரா எங்கிருந்து வந்தாள் என்று அவரைக் கேட்காமலே விட்டுவிட்டேன். பெயருக்குக் கீழே, ‘ராங் பிளாட்பார்ம் இசைத்தட்டின் குரல்’ என்று போட்டிருக்கிறது. அந்த பிளேட் இல்லாவிட்டால் என்னை யார் இத்தனை தூரம் கூப்பிடப் போகிறார்கள்.

விஷயம் அதுதான் ராபி. நேற்று ஒத்திகையில் ராய்ஸ்டன் அந்த பிளேட்டைப் போட்டார். “இதில் பிளாட்பார்ம் என்ற சொல்லுக்குத் தாளத்தை விட்டுக் கொஞ்சம் பிந்தி வருகிறாய் பார், ரயிலைத் தவறவிட்டவள் மாதிரி. ஏன் இப்போது அப்படிப் பாடுவதில்லை?” என்று கேட்டார். நான் பாடிக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் பிளேட்டைப் போட்டார். மூன்றாவது தடவை கேட்கும்போது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இது நான்தானா?

அன்று ஃபோர்ட் ஸ்டூடியோவில் நடந்ததை என் நினைவில் உள்ளபடி எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து. எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. காலையில் ஒருமுறை பாடினேன், குரல் உடைந்தது. வெந்நீர் குடித்துவிட்டு வா என்று மெனேசஸ் என்னை அனுப்பினார். நான் கீழே இருந்தபோது, மைக்கின் தூரம் பார்க்க உன்னை ஒருமுறை பாடச் சொன்னார்கள். டைப்ரைட்டிங் கிளாஸ் என்று உம்மாவிடம் சொல்லிவிட்டு என்னோடு வந்தவள் நீ. தலையில் போட்ட துணியைக் கூட எடுக்காமல் நின்று பாடியதாகச் சொன்னாய். மதியத்துக்கு மேல் நான் திரும்ப ஒருமுறை பாடினேன். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். அதற்கு அடுத்த மாதம் பிளேட் வந்தது.

அந்த மூன்றில் பிளேட்டில் ஏறியது எது? மெனேசஸ் கப்பல் பாண்டில் சேர்ந்து எந்தக் கடலில் இருக்கிறாரோ. நீ கேட்டிருப்பாய் இல்லையா? அது நான்தானே?

உன்
தங்கமயில்

தேவ்நார், பம்பாய்
23 நவம்பர் 1963

மயிலு,

கடிதம் வந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. யாராவது இறந்துபோனார்களோ என்றுதான் நினைத்தேன். மச்சான் கையில்தான் தபால்காரன் கொடுத்தான். அவர்கள் பம்பாயிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், தமிழ் பேசுவார்களே தவிர எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வராது. “யாரு எழுதியிருக்கா? ஜரா படி” என்றார்கள். படித்தேன். கல்கத்தாவில் குளிர் என்றும் உனக்கு டைப்பிஸ்ட் வேலை என்றும் இல்லாததையெல்லாம் சேர்த்துப் படித்தேன். அதனால் இனி எழுதும்போது நடுநடுவே கொஞ்சம் சாதாரண விஷயமும் எழுது, எனக்குப் படிக்க வசதியாக இருக்கும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். இதில் என்ன சந்தேகம்? அது நீதான். நான் சும்மா பாடினது. மைக்குக்குத் தூரம் பார்க்கத்தானே சொன்னார்கள். அந்த பிளேட்டை நான் இதுவரை கேட்டதே இல்லை, எங்கள் வீட்டில் போடுகிற பெட்டி கிடையாது. கல்யாணத்துக்குப் பிறகு ரேடியோவில் எப்போதாவது இங்கிலீஷ் பாட்டு வந்தால் அடுப்படிக்குப் போய்விடுவேன். ஏன் போகிறேன் என்று கேட்டால் தெரியாது.

நீ எழுதியதில் ஒரு தப்பு. தலையில் போட்ட துணியை எடுத்துவிட்டேன். காதில் அந்தக் கறுப்புக் கிண்ணத்தை மாட்டுவதற்காக மெனேசஸ் எடுக்கச் சொன்னார். உன்னிடம் அதைச் சொல்லவில்லை. அன்று ஏன் சொல்லாமல் விட்டேன், இன்று ஏன் சொல்கிறேன், இரண்டும் தெரியவில்லை.

போன வாரம் தாராவியில் மச்சானின் தோல் மண்டிக்கு மதியச் சாப்பாடு கொடுக்கப் போனபோது உன் அப்பாவைக் கடையில் பார்த்தேன். சலாம் சொன்னேன். என்னைக் கண்டதும் உன் ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டு சாக்கைத் தைத்தார். மகள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். உன் உடம்பைப் பார்த்துக்கொள். பனியில் தொண்டையை மூடிக்கொண்டு போ.

ராபியா

கல்கத்தா
16 பிப்ரவரி 1964

அன்புள்ள ராபி,

கல்கத்தாவில் குளிர். டைப்பிஸ்ட் வேலை நன்றாகப் போகிறது. போதுமா? இனி உண்மை.

நல்ல கூட்டம். சனிக்கிழமைகளில் இடம் இல்லாமல் திரும்பிப் போகிறார்கள். கறுப்பு சாட்டின் கவுன் ஒன்று தைத்திருக்கிறேன், கையுறைகூட உண்டு. ஆஸ்திரேலியக் கப்பல்காரன் ஒருவன் மேடைக்கு ரோஜா அனுப்பினான். ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் என்னைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். முழுக்கப் புகழ்ச்சி, கடைசி வரி மட்டும், ‘ஆயினும் இசைத்தட்டில் உள்ள மிஸ் மே நம் நெஞ்சைத் தொடுகிற இடத்தை, மேடையில் உள்ள மிஸ் மே தொடுவதில்லை’ என்று. நறுக்கி வைத்திருக்கிறேன். அந்தக் கடைசி வரியைக் கத்தரித்துவிடலாமா என்று பார்த்தேன், பிறகு அப்படியே விட்டேன்.

சாப்பிட வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது அந்தப் பாட்டைத்தான். தப்பான பிளாட்பாரத்தில் நிற்கிற பெண், எதிர்ப்பக்கத்தில் தன் ரயில் போவதைப் பார்க்கிறாள். பாட ஆரம்பித்ததுமே பிளேட்டில் இருப்பவள் எனக்கு முன்னால் போய் நின்றுகொள்கிறாள். அவள் எங்கே மூச்சு எடுப்பாளோ அங்கே நானும் எடுக்கப் பார்க்கிறேன். என்னைப் பார்த்து நானே காப்பி அடிப்பதா? வேறு யாரையோ பார்த்துக் காப்பி அடிப்பதா? ஒருநாள் இப்படித் தோன்றுகிறது, மறுநாள் அப்படி. இப்போது முடிவு செய்துவிட்டேன். அது நான்தான். தொண்டை கட்டியிருந்ததால்தான் அந்தப் பிந்தல் வந்தது. அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ‘சும்மா பாடினது’ என்று எழுதியிருக்கிறாயே, அந்தச் சொல் என்னைக் குத்துகிறது. சர்ச்சில் பாடி, கல்யாண வீடுகளில் பாடி, சர்ச்கேட் ஓட்டலில் தட்டுச் சத்தத்துக்கு நடுவே பாடி, வீட்டு வாசலை இழந்து வந்து நிற்கிறேன். எனக்கு எதுவும் சும்மா வரவில்லை.

தங்கமயில்

தேவ்நார்
9 ஜூன் 1964

மயிலு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாதது கோபத்தால் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல்தான். இப்போதும் தெரியவில்லை. ஆனால் எழுதாமல் இருக்க முடியாதபடி ஒன்று நடந்துவிட்டது.

மச்சான் சோர் பஜார் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு கிராமபோன் வாங்கி வந்தார்கள். கூடவே பழைய பிளேட்டுகள் ஒரு கட்டு. கவாலி, சினிமாப் பாட்டு, எல்லாம் கலந்து. நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டுக்கொண்டே வந்தவர்கள் திடீரென்று, “ஏ ராபியா, ஜரா இங்க வா! இந்த ஆவாஸைக் கேளு” என்று கூப்பிட்டார்கள்.

நான் போகவில்லை. போக வேண்டிய அவசியம் இல்லை. முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது.

மயிலு, அது நான்.

என் குரலை நான் வெளியிலிருந்து கேட்டதில்லைதான். ஆனாலும் இரண்டாவது அடியில் ஒரு பயம் இருக்கிறது. அந்தப் பயம் எனக்குத் தெரியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற ஆண்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள், ‘பிளாட்பார்ம்’ என்ற சொல் வாயில் வரவில்லை, எச்சில் விழுங்கிவிட்டுச் சொன்னேன். அந்த விழுங்கல் பிளேட்டில் இருக்கிறது.

மச்சான் அடுப்படி வாசலில் வந்து நின்றார்கள். “என்னமா பாடுதா பாரு. ஒரு வார்த்தை வெளங்கலை எனக்கு, ஆனா இவ எவனையோ நினைச்சுக்கிட்டுப் பாடுதா” என்றார்கள். நான் யாரையும் நினைக்கவில்லை மயிலு, சத்தியமாக. உம்மா தேடுவாளே என்றுதான் நினைத்தேன்.

பிறகு அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். இப்போது தினமும் மண்டியிலிருந்து வந்ததும் அதுதான். நான் வெற்றிலை மடித்துக் கொடுக்கும்போது எனக்குப் பின்னால் நானே பாடிக்கொண்டிருக்கிறேன். என் மச்சான் அந்தக் குரலுக்குத் தலையை ஆட்டுகிறார்கள். எனக்குச் சந்தோஷமா, பயமா, அவள் மீது பொறாமையா, ஒன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. யாரிடமும் சொல்ல முடியாது. உன்னிடம்தான் சொல்கிறேன்.

ராபியா

கல்கத்தா
20 ஜூன் 1964

ராபியா,

அது நீ இல்லை.

எச்சில் விழுங்கினாயா? தொண்டை கட்டியவள் விழுங்க மாட்டாளா? என்னுடைய ஒவ்வொரு பாட்டையும் பக்கத்தில் நின்று கேட்டவள் நீ. எங்கே நான் நிற்பேன், எங்கே இழுப்பேன் என்று அத்தனையும் உனக்குப் பாடம். நீ பாடினாலும் என்னைப் போலத்தான் பாடியிருப்பாய். அதனால் கேட்டதும் உன்னைப் போலத் தோன்றியிருக்கிறது.

உனக்கு வீடு இருக்கிறது. மச்சான் இருக்கிறார், பிள்ளை இருக்கிறது, தெருவில் போனால் சலாம் சொல்ல ஆள் இருக்கிறது. எனக்கு ஒரு பலகையும் அதில் ஒரு பெயரும்தான் இருக்கிறது. அதற்குள்ளும் நீ வந்து உட்கார வேண்டுமா? வெற்றிலை மடித்துக்கொண்டே?

இதைப் பற்றி இனி எழுதாதே. வேறு எதைப் பற்றியும் எழுத வேண்டாம்.

தங்கமயில்

கல்கத்தா
26 செப்டம்பர் 1965

ராபி,

நீ எழுதவில்லை. எழுதாதே என்று சொன்னவள் நான்தான், ஆனாலும் தபால்காரன் வரும் நேரத்துக்கு ஒரு வருஷத்துக்கு மேலாக வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். எல்லையில் சண்டை நின்றுவிட்டதாக ரேடியோவில் சொல்கிறார்கள். எங்கள் ஜன்னல்களில் ஒட்டிய கறுப்புக் காகிதத்தை இன்னும் கிழிக்கவில்லை.

இந்த மாத ஆரம்பத்தில், விளக்கை மூடி வைத்துப் பாதி இருட்டில் பாடிக்கொண்டிருந்த நாட்களில், மெனேசஸ் வந்தார். கப்பல் கிதர்பூர் துறைமுகத்தில் நின்றிருந்தது. தலை முழுக்க நரைத்துவிட்டது. ட்ரம்பெட் ஊத முன்பல் இல்லை, இப்போது டிரம்ஸ் தட்டுகிறாராம். இடைவேளையில் பக்கத்தில் போய் உட்கார்ந்து நேரே கேட்டேன். “அங்கிள், ராங் பிளாட்பார்ம் பாடியது யார்?”

அவர் சிரித்தார். “வாட் கொஸ்டியன், சைல்டு? நீதான்” என்றார். ஒரு கிளாஸ் முடிந்தது. “இல்லை, அந்த இன்னொரு பெண், பயந்துகொண்டு நின்றாளே, அவளுடையது ரொம்ப நன்றாக இருந்தது. அதைத்தான் நான் கம்பெனிக்காரனிடம் கொடுக்கச் சொன்னேன்” என்றார். இன்னொரு கிளாஸ். “ஆனால் அவன் எதை எடுத்தான் என்று நான் பார்க்கவில்லை. பிளேட் வந்தபோது கேட்டேன். நீ என்று நினைத்தேன். அடுத்த நாள் அவள் என்று நினைத்தேன். டேப்பை அப்போதே அழித்து வேறு எதற்கோ எடுத்துவிட்டார்கள்” என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “இரண்டு பேருக்கும் நான்தானே சொல்லிக் கொடுத்தேன்” என்று அழுதார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. என்ன வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பாட்டைக் கேட்டார்கள். மைக்கைப் பிடித்தேன், மூச்சு எடுத்தேன், யாருடைய மூச்சு இது என்று தோன்றியது, வாய் திறக்கவில்லை. பாண்டு முன்வாசிப்பைத் திரும்ப வாசித்தது. அப்போது நான் சொன்னேன்: “லேடீஸ் அண்ட் ஜென்டில்மென், இந்தப் பாட்டை பிளேட்டில் பாடியது நான் இல்லை. என் சிநேகிதி. பம்பாயில் இருக்கிறாள்.” பெயரைச் சொல்லவில்லை, பயப்படாதே. யாரோ ஒருவர் ஜோக் என்று நினைத்துக் கை தட்டினார். மேனேஜர் நினைக்கவில்லை. இந்த மாதத்தோடு என்னை நிறுத்திவிட்டார்கள். பலகையும் இறங்கிவிட்டது.

அது உன்னுடையது ராபி. நான் உனக்கே கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகு லேசாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை.

உன் மயிலு

தேவ்நார்
14 அக்டோபர் 1965

மயிலு,

யார் உன்னைக் கொடுக்கச் சொன்னது? அது பாத்திரமா, இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்க? நான்தான் என்று நான் எழுதியபோது பிடுங்கிக்கொண்டாய். பேசாமல் இருந்தபோது கொண்டுவந்து மடியில் போடுகிறாய். இந்த ஒரு வருஷத்தில் எனக்கே நிச்சயம் போய்விட்டது தெரியுமா? தினமும் கேட்டுக் கேட்டு அந்தக் குரல் என்னை விட்டுத் தள்ளிப் போய்விட்டது. ஒருநாள் கேட்டால் நீ. சில நாள் நீயும் இல்லை, நானும் இல்லை, யாரோ பரங்கிப் பெண் மாதிரி இருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்று மச்சான் வீட்டில் இருந்தார்கள். வழக்கம்போல “படி” என்றார்கள். நான் கல்கத்தாவில் சண்டை, இருட்டு என்று ஆரம்பித்தேன். ‘அங்கிள், ராங் பிளாட்பார்ம்’ என்று எழுதியிருந்த இடத்துக்கு வந்ததும் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போகப் பார்த்தேன். முடியவில்லை மயிலு. எத்தனை தடவைதான் தாண்டித் தாண்டிப் படிப்பது? இருந்ததை இருந்தபடி கடைசிவரை படித்துவிட்டேன்.

மச்சான் எழுந்து கிராமபோனை மூடினார்கள். “இது நெசமா? நீயா?” என்றார்கள். “நானா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்” என்றேன். “அப்போ பாடுவியா நீ?” “பாடினேன்.” கோபிப்பார்கள், என் உம்மாவை அழைத்து வரச் சொல்வார்கள் என்று நினைத்தேன். அவர்கள் கேட்டது வேறு.

“நிக்காஹ் ஆகி இத்தனை வருஷத்துல எனக்கு ஒருநாள்கூடப் பாடலியே ராபியா. நான் கேட்டிருந்தா ‘மாட்டேன்’னு சொல்லலாம். எனக்குத் தெரியவே தெரியாதே.”

அதோடு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. சோறு வேண்டும், தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான். கிராமபோனைத் தொடுவதில்லை. அடித்திருந்தால்கூட எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும்.

நான் என்ன செய்யட்டும்? பாடிக் காட்டவா? பாடி, அது அந்தக் குரலாக இருந்தால், ஊரெல்லாம் கேட்கிற, சோர் பஜாரில் கிடக்கிற குரல் தன் வீட்டுக்காரியுடையது என்று அவர்களுக்கு ஆகிவிடும். அந்தக் குரல் இல்லாவிட்டால், இத்தனை நாள் ரசித்தது வேறு ஒருத்தியை என்று ஆகிவிடும். எதற்கு நான் பயப்படுகிறேன் என்பது மாறிக்கொண்டே இருக்கிறது.

உன் வேலை போனதற்கு வருத்தப்படுகிறேன் என்று முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். உன் அப்பா நேற்று என்னைக் கடைக்குள் கூப்பிட்டார். “அங்க அரிசி கெடைக்குதாமா அவளுக்கு?” என்று கேட்டார். தெரியாது என்றேன். கிடைக்கிறதா?

ராபியா

கல்கத்தா
7 நவம்பர் 1965

ராபி,

அரிசி கஷ்டம்தான், ரொட்டி தின்னப் பழகிவிட்டேன் என்று சொல். இல்லை, கிடைக்கிறது என்றே சொல். இல்லை, நான் எப்படி இருக்கிறேன் என்று என்னிடமே கேட்கச் சொல்.

ராய்ஸ்டன் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போகிறார். பெரிய இடங்களில் எல்லாம் இப்போது கிட்டார் பையன்கள்தான். நீளமுடி, ஒரே சத்தம். ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட்டில் ஒரு சின்ன இடத்தில் சாயங்காலம் பாடுகிறேன். பியானோவும் டபுள் பாஸும் மட்டும். மேடை கிடையாது, பியானோ பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடுவேன். என் குரல் இறங்கிவிட்டது. முன்பு எட்டிய உயரத்துக்கு ஏற முடியவில்லை, அதனால் கீழேயே நின்று மெதுவாகப் பாடுகிறேன். போன வாரம் ஒரு வயதான பார்சி அம்மாள் என்னிடம் வந்து, “நீ யார்? உன் பெயர் என்ன?” என்று கேட்டாள். என்னை அறியாமல் ‘தங்கமயில்’ என்று சொல்லிவிட்டேன். அவளால் சொல்ல முடியவில்லை. இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். அதற்கு ஏன் எனக்கு அழுகை வந்தது?

இங்கே அந்தப் பாட்டை யாரும் கேட்பதில்லை. நிம்மதியாக இருக்கிறது. சில நாள் யாராவது கேட்கக் கூடாதா என்றும் இருக்கிறது.

நீ பாடு ராபி. அது யாருடைய குரல் என்பதை விடு. உன் மச்சான் பிளேட்டைக் கேட்டுக் கோபிக்கவில்லை, நீ பாடாததற்குத்தான் கோபித்திருக்கிறார். இப்படி ஒரு கோபம் என்மேல் யாருக்கும் வந்ததில்லை. எங்கள் வீட்டில் எல்லாம் நேர் மாறு.

மயிலு

தேவ்நார்
22 ஜனவரி 1966

மயிலு,

பாடிவிட்டேன்.

நேற்று ஜும்மா முடிந்து வந்து சாப்பிட்டார்கள். மகள் தூங்கிவிட்டாள். நான் ஜன்னலைச் சாத்தப் போனேன். “தொறந்தே கெடக்கட்டும்” என்றார்கள். எதற்கு என்று நானும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை, ஆனால் இருவருக்கும் தெரிந்திருந்தது. சுவரைப் பார்த்து நின்றுகொண்டு ஆரம்பித்தேன். முதல் அடியிலேயே சுருதி வழுக்கியது. இரண்டாவது பத்தியில் வார்த்தை மறந்துபோய் வாய்க்கு வந்ததைப் போட்டு நிரப்பினேன். ஒரு இடத்தில் இருமலும் வந்தது. எப்படியோ பிளாட்பாரத்தில் நின்று ரயிலை அனுப்பி முடித்தேன். திரும்பிப் பார்த்தால் மச்சான் பாயில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

“இது பிளேட்டுல உள்ளவ இல்ல” என்றார்கள்.

எனக்கு ஏதோ ஒன்று கீழே விழுந்தது போல இருந்தது மயிலு. எது விழுந்தது, பாரமா பொருளா, தெரியவில்லை. அப்படியானால் அது நீதான். நீ மேடையில் எல்லார் முன்னாலும் சொன்னது பொய்யாகிப்போனது, வேலையும் போனதே. அல்லது பிள்ளை பெற்று, அடுப்புப் புகை குடித்து என் குரல்தான் மாறிப்போனதோ? அல்லது என் மனசு நோகக் கூடாது என்று மச்சான் சொல்கிறார்களோ? அல்லது அந்தக் குரல் ஊரார் கையில் கிடப்பது அவர்களுக்கே பிடிக்காமல்தான் அப்படிச் சொல்கிறார்களோ? கேட்டேன். “நெசமாத்தான் சொல்றீங்களா?”

“நெசமாத்தான். அவ வேற” என்றார்கள். பிறகு தலையை நிமிர்த்தாமலே, “இன்னொண்ணு பாடு” என்றார்கள்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. இன்னொன்று எங்கே இருக்கிறது? நீ கல்யாண வீடுகளில் பாடியதெல்லாம் ஒரு அடி, அரை அடி என்று ஞாபகம் இருக்கிறது, முழுசாக ஒன்றும் தெரியாது. “அடுத்த தடவை” என்று சொல்லிவிட்டேன். அதற்குள் மகள் எழுந்துவிட்டாள்.

இன்று காலை மண்டிக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, “என்னாச்சு, இன்னொண்ணு?” என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

அதனால் நீ இப்போது நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகப் பாடுகிறாயே, அதில் ஒன்றை எழுதி அனுப்பு. நீளமாக வேண்டாம். எழுத்தைப் பெரிதாக எழுது. உன் அப்பாவிடம் நீ சொன்னதைச் சொன்னேன், ‘என்னிடமே கேட்கச் சொல்’ என்பதை மட்டும். அவர் உன் விலாசத்தை எழுதித் தரச் சொன்னார். கொடுத்துவிட்டேன்.

வார்த்தைகளைத் தபாலில் அனுப்பிவிடுவாய். மெட்டை எப்படி அனுப்புவாய் என்றுதான் நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வழியும் தெரியவில்லை. நீ வந்தால்தான் உண்டு.

ராபியா